ஸ்போர்ட்ஸ் காரின் பிக்கப்பைக் கூட்ட: எந்த வழியில் வாரண்டி தங்கும், எதில் போகும்

"பிக்கப் இன்னும் கொஞ்சம் வேண்டும், ஆனால் வாரண்டி போய்விடக் கூடாது." ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓராண்டு ஓட்டியவர்களில் பலர் வந்து நிற்கும் இடம் இது. இன்ஜின் சக்தியைக் கூட்டித் தரும் டியூனரைக் கேட்டால், ஒரு மணி நேர ரீமேப்பில் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது) 25 சதவீதம் கூடுதல் சக்தி என்பார். சர்வீஸ் சென்டரில் கேட்டால், ஏர் ஃபில்டரை மாற்றினாலே வாரண்டி போச்சு என்பார்கள். இருவர் பேச்சிலும் பாதிதான் சரி. வாரண்டியைத் தொடாமலே கிடைக்கும் முன்னேற்றம் பலர் நினைப்பதைவிட அதிகம். வாரண்டியைப் பறிக்கும் வேலைகளில் சில, 0–100 ஓட்டத்தில் (நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் எட்டுவது) பெரிதாக எதையும் தருவதில்லை.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வேகத்தில் கார் பின்தங்குகிறது? எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். ஓர் உதாரணக் காரை எடுத்துக்கொள்வோம்: எடை 1500 கிலோ, சக்தி 220 கிலோவாட் (சுமார் 300 குதிரைத்திறன்), பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் சம எடை. சக்கரங்களுக்கு 185 கிலோவாட் அளவுக்குப் போய்ச் சேரும் என்று வைத்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் தரக்கூடிய உந்துவிசை டயர் தாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல உலர்ந்த சாலையில், கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தக் காரின் பின் டயர்கள் சுமார் 0.62 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.62 பங்கு) வரைதான் தள்ள முடியும். இன்ஜினின் உச்ச சக்தி அந்த எல்லைக்குக் கீழே இறங்குவது 70 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித்தான். இன்ஜின் எல்லா நேரமும் உச்ச சுழற்சியில் இருக்காது என்பதால் நடைமுறையில் 50–60 என்று கொள்ளலாம். அதற்குக் கீழே டயர்தான் எஜமான், மேலே போனால் சக்தியும் எடையும்.

அதனால் "0–100 எவ்வளவு?" என்ற ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். 0–50, 60–100, 100–160 என்று மூன்றாகப் பிரித்து அளந்து பாருங்கள். நொடிக்கு 10 முறையாவது பதியும் ஜிபிஎஸ் கருவி போதும். மூடிய டிராக்கில், சமதளத்தில், இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். சில கருவிகளும் பல அமெரிக்க இதழ்களும் முதல் ஓரடி தூரத்தைக் கணக்கில் விட்டுவிடும்; அதனால் மட்டுமே சுமார் 0.3 நொடி குறைவாகக் காட்டும். அந்த அமைப்பை ஒரு முறை வைத்தும் மறுமுறை வைக்காமலும் அளந்துவிட்டு "முன்னேறிவிட்டது" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: போட்டியிலும் நேரம் பதியும் ஓட்டங்களிலும் ஏற்படும் சேதத்தைப் பல வாரண்டிகள் ஏற்பதில்லை. டிராக்கில் அளக்கும் முன் உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

வாரண்டியின் எந்தப் பகுதி ஆபத்தில்? வாரண்டி மொத்தமாக இருக்கும், இல்லையென்றால் மொத்தமாகப் போகும் என்பது தவறான எண்ணம். பெயின்ட், மின்னணு, இன்ஜின்–கியர்பாக்ஸ், மாசுக்கட்டுப்பாட்டு உறுப்புகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. எக்ஸாஸ்ட் மாற்றியவருக்குக் கதவுக் கண்ணாடி மோட்டாரின் வாரண்டி போக எந்தக் காரணமும் இல்லை. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னுசன்–மாஸ் வாரண்டி சட்டம் இதன் அடிப்படையைச் சொல்கிறது: வெளிப்பாகம் பொருத்திய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகம்தான் சேதத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். ஆனால் சக்தியைக் கூட்டிய காரில் கியர்பாக்ஸ் போனால் அந்தத் தொடர்பைக் காட்டுவது நிறுவனத்துக்கு எளிது. தகராறு முடியும்வரை கார் ஒர்க்‌ஷாப்பில் கிடப்பது உங்கள் நஷ்டம்.

தடயம் தங்குமா? பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். கழற்றிவிடக்கூடிய பொருள் என்றால் தடயமே இருக்காது என்று அர்த்தமில்லை.

மறைமுகச் செலவு. கிளட்ச், டயர் தேய்மானம், உயர் ஆக்டேன் பெட்ரோல், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம், விற்கும்போது விலை இறங்குவது. காப்பீட்டை மறப்பவர்கள் அதிகம். இன்ஜின் சக்தியைக் கூட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். அந்த நஷ்டத்தின் முன் கியர்பாக்ஸ் விலை சிறிது.

| வழி | பயன் தெரியும் இடம் | வாரண்டி ஆபத்து | தடயம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| நல்ல டயர் | 0–60 | மிகக் குறைவு | பிரச்சினை இல்லை | வேகமான தேய்மானம் |
| காரைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது | எல்லா வேகத்திலும் | இல்லை | இல்லை | பெட்ரோல் விலை வித்தியாசம் |
| எடைக் குறைப்பு | 50-க்கு மேல் | குறைவு | தெரியும், பொதுவாகப் பாதகமில்லை | வசதி குறையும் |
| லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் வசதி) | 0–50 | நடுத்தரம் | எண்ணிக்கை பதிவாகலாம் | கிளட்ச், ஆக்சில் தேய்மானம் |
| நிறுவனத்தின் சொந்த கிட் | 50-க்கு மேல் | ஆவணப்படி குறைவு | பதிவிலேயே இருக்கும் | விலை அதிகம், சில நேரம் காலம் குறையும் |
| இன்டேக் (காற்று உள்ளே வரும் பகுதி), கேட்-பேக் எக்ஸாஸ்ட் | மேல் சுழற்சியில் சிறிது | குறைவு முதல் நடுத்தரம் | கண்ணுக்குத் தெரியும் | சத்தம், சென்சார் பழுது |
| பெடல் பெட்டி | எங்குமில்லை | குறைவு | குறைவு | வீண் செலவு |
| பிக்கிபேக் பெட்டி | 60-க்கு மேல் | அதிகம் | எதிர்பார்ப்பதைவிட அதிகம் | இன்ஜின் சேத ஆபத்து |
| இசியு (இன்ஜின் கணினி) ரீமேப் | 60-க்கு மேல், நன்றாக | மிக அதிகம் | கிட்டத்தட்ட நிச்சயம் | கிளட்ச், கியர்பாக்ஸ், காப்பீடு |

## டயர்

சக்தியில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியது டயர். நம் உதாரணக் காரில் பிடிமானக் குணகம் 1.0-லிருந்து 1.1 ஆனால், தாங்கும் முடுக்கம் 0.62 ஜி-யிலிருந்து சுமார் 0.70 ஜி ஆகும். டயர் மட்டுமே எல்லை என்று வைத்தால் 0–50 ஓட்டம் 2.27 நொடியிலிருந்து 2.0 நொடிக்கு வரும். கால் நொடி கிடைக்கிறது, இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கதவோரத் தகட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. பக்கச் சுவரில் கார் நிறுவனத்தின் ஒப்புதல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், போர்ஷேவுக்கு என்0, என்1 போன்ற எண்கள், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. குறி இல்லாத டயர் எல்லாமே கெட்டது என்றில்லை. வாரண்டி காலத்தில் அந்தக் குறி வாதத்தைச் சுருக்கிவிடும், அவ்வளவுதான்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள காரில் இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பின்னால் மட்டும் புது டயர் போட்டால், முன் டயர்களின் தேய்மானத்தால் சுற்றளவு மாறுபடும். சக்தியைப் பகிரும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகி, எண்ணெய் கெட்டு, ஒரு நாள் போய்விடும். அதைத் திறந்து பார்க்கும் மெக்கானிக் முதலில் கேட்பது டயர் ஆழத்தைத்தான். அதனால் நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே மாடலாக மாற்றுங்கள். ஆழ வித்தியாசம் எவ்வளவு வரை ஏற்கலாம் என்பது உங்கள் கார் கையேட்டில் இருக்கும்.

காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் அளந்து, தகட்டில் உள்ளபடி வையுங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 0.1 பார் கூடும். வெயிலில் நின்ற காரில் அளந்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். புது டயரில் முதல் சில நூறு கிலோமீட்டர் முழுப் பிடிமானம் வராது. செமி-ஸ்லிக் (பள்ளம் குறைந்த டிராக் டயர்) வகை உலர்ந்த சாலையில் அபாரம். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையிலும் 7 டிகிரிக்குக் கீழான குளிரிலும் ஆபத்து. தினமும் ஓட்டும் காருக்கு நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரே போதும்.

முன்சக்கர இயக்கக் காருக்கு இதுதான் முதலும் முக்கியமுமான வழி. கிளம்பும்போது எடை பின்னால் போவதால் இயக்கும் சக்கரங்களே லேசாகிவிடும். அதில் சக்தியைக் கூட்டினால் முதல் இரண்டு கியரில் டயர் புகையும், வேகம் கூடாது.

## காரை அதன் சொந்த நிலைக்குக் கொண்டுவருவது

வாரண்டி காலத்தில் யாரும் யோசிக்காத வழி, வாரண்டியையே பயன்படுத்துவது. டர்போ காரில் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது) குழாயின் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலே பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கசியும். எச்சரிக்கை விளக்கு எரியாமலே சக்தி குறையும். சர்வீஸ் சென்டரில் "பிக்கப் குறைவு" என்று மட்டும் சொல்லாதீர்கள். முழு ஆக்சிலரேட்டரில் மூன்றாம் கியரில் ஒரு ஓட்டம் பதிவு செய்து, இசியு கேட்ட பூஸ்ட்டையும் உண்மையில் கிடைத்த பூஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே நிரந்தர இடைவெளி இருந்தால் கசிவு, டர்போ, அல்லது வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு). உற்பத்திக் குறையாக இருந்தால் வாரண்டியிலேயே சரியாகிவிடும்.

கூடவே பார்க்க வேண்டியவை: தேய்ந்த ஸ்பார்க் பிளக் (அதிக பூஸ்ட்டில் பொறி தவறும்), அடைத்த ஏர் ஃபில்டர், லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், கோணம் விலகிய சக்கரங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில், இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. கிலோமீட்டர் ஏற ஏறக் கரி படிந்து காற்றோட்டம் குறையும்.

பெட்ரோல் விஷயத்தில் கையேட்டை ஒரு முறை கூர்ந்து படியுங்கள். ஆக்டேன் எண் "98 பரிந்துரை, 95 குறைந்தபட்சம்" என்று இருந்தால், 95 போட்டு ஓட்டும்போது நாக் சென்சார் (கலவை தவறாக வெடிக்கும் தட்டலை உணர்வது) இக்னிஷனை, அதாவது பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்; வெயில் நாளில் அதன் இழப்பு காலில் தெரியும். 98-க்கு மாறியதும் ஒரு டேங்க் ஓடிய பிறகு அளந்து பாருங்கள், இசியு பழக நேரம் எடுக்கும். 95-க்காகவே வடிவமைத்த இன்ஜினில் 98 ஊற்றினால் பணம்தான் கரையும். ஆக்டேன் கூட்டும் பாட்டில் மருந்துகளில் உலோகக் கலவை உள்ளவை பிளக்கிலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டிலும் படியும். வாரண்டி காலத்தில் அவை வேண்டவே வேண்டாம். எத்தனால் 85 கலவையும் அப்படித்தான். அதே சக்திக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பம்பும் இன்ஜெக்டரும் அதற்குப் படைக்கப்பட்டிருக்காவிட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும்.

## எடை

50-க்கு மேலான முடுக்கத்தில் எடைக்கும் சக்திக்கும் ஒரே மதிப்பு. 1500 கிலோ காரில் 50 கிலோ குறைந்தால் 3.3 சதவீதம், 60–100 ஓட்டத்தில் நூறில் ஏழு பங்கு நொடிதான் மிச்சம். பூட்டில் கிடக்கும் சாமான், முழு டேங்குக்குப் பதில் பாதி டேங்க் (30 லிட்டர் குறைந்தால் சுமார் 22 கிலோ) எல்லாம் இலவசம். இலகுவான அலாய் வீலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு: சுழலவும் வேண்டியிருப்பதால் சக்கரத்தில் குறையும் ஒரு கிலோ, உடலில் ஒன்றரைக் கிலோ குறைந்ததற்குச் சமம்.

லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி பத்துக் கிலோவுக்கு மேல் குறைக்கும் என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான். ஆனால் இன்றைய கார்களில் பேட்டரி வகையை இசியுவில் பதிய வேண்டும். சார்ஜிங் முறை பொருந்தாவிட்டால் மின்னணுக் கோளாறு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பேட்டரியைக் கைகாட்டுவார்கள். கார் நிறுவனமே அந்த மாடலுக்கு லித்தியம் பேட்டரி தருகிறது என்றால் மட்டும் போடுங்கள். ஏர்பேக் உள்ள சீட்டைக் கழற்றி எடை குறைப்பதை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது.

## லாஞ்ச் கண்ட்ரோல்

காரிலேயே இருக்கும் வசதி, பயன்படுத்தினால் என்ன என்று தோன்றும். பயன்படுத்தலாம்; ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். 1500 கிலோ கார் 30 கிலோமீட்டர் வேகம் எட்டும்வரை கிளட்ச் வழுக்கினால், ஒன்றரை நொடிக்குள் 50 கிலோஜூல் அளவு வெப்பம் அந்த மெல்லிய தகடுகளில் இறங்குகிறது. எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச் அதைத் தாங்கிக் குளிர்ந்துவிடும். உலர் கிளட்ச் வெப்பத்தை வெளியேற்ற நேரம் எடுக்கும், அதற்குள் அடுத்த லாஞ்ச் வந்தால் உராய்வுப் பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸில் இந்தக் கவலை குறைவு.

சில கார்களில் எத்தனை லாஞ்ச் என்பது கியர்பாக்ஸ் கணினியில் எண்ணப்படும். சிலவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அனுமதியே இல்லை. 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நிசான் ஜிடி-ஆர் காரில், கார் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிட்டு லாஞ்ச் செய்து கியர்பாக்ஸ் உடைந்தவர்களுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. பின்னர் நிறுவனம் மென்பொருளையே மாற்றியது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கையேட்டில் சொன்ன முறையிலேயே, சொன்ன எண்ணெய் வெப்பநிலையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு லாஞ்சுக்கும் இடையில் சில நிமிடங்கள் சாதாரணமாக ஓட்டிக் குளிர விடுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிவைத்தபடி லாஞ்ச் செய்யாதீர்கள். ஆக்சில் முனைகள் போவது அப்போதுதான்.

## நிறுவனம் தானே தரும் பவர் கிட்

சக்தி கூட வேண்டும், வாரண்டியும் வேண்டும் என்றால் நேர்வழி இது ஒன்றுதான். ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ், பிஎம்டபிள்யூ எம் பெர்ஃபார்மன்ஸ், டொயோட்டாவின் டிஆர்டி, மோபார் எனப் பல நிறுவனங்களுக்குச் சொந்தப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு காலத்திலும் சில மாடல்களுக்கு மென்பொருளோ, சூப்பர்சார்ஜரோ, இன்டேக்கும் மென்பொருளும் சேர்ந்த தொகுப்போ விற்றிருக்கின்றன. மின்சாரக் கார்களில் இது இன்னும் எளிது: டெஸ்லா 2019 டிசம்பரில் மாடல் 3 லாங் ரேஞ்சுக்குக் கொடுத்த மென்பொருள், 0–60 மைல் ஓட்டத்தை 4.4-லிருந்து 3.9 நொடிக்குக் கொண்டுவந்தது.

டியூனரின் ரீமேப்பைவிட இவற்றின் சக்தி உயர்வு பெரும்பாலும் குறைவு, விலை அதிகம். "அதே வேலைக்கு இவ்வளவு பணமா?" என்று கேட்பார்கள். நீங்கள் வாங்குவது குதிரைத்திறனோடு ஒரு கையெழுத்தும்: அந்தச் சக்திக்கு அந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் என்று நிறுவனமே பொறுப்பேற்கிறது. சில கிட்களில் குளிர்விப்பான், எண்ணெய், கியர்பாக்ஸ் மென்பொருள் எல்லாம் சேர்ந்தே மாறும்.

இதிலும் சிறிய எழுத்துகள் உண்டு. கிட் போட்ட பிறகு, நீண்ட பவர்ட்ரெய்ன் (இன்ஜின்–கியர்பாக்ஸ்) வாரண்டிக்குப் பதிலாகக் குறைந்த காலமுள்ள தனி வாரண்டி ஒன்று அமலுக்கு வரலாம். அங்கீகரிக்கப்பட்ட டீலர் பொருத்தினால்தான் செல்லும். அதே பெட்டியை வாங்கி வெளியே பொருத்தினால் பாகத்துக்கு மட்டும், அல்லது எதற்குமே இல்லை. சில பாகங்கள் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் "போட்டிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று விற்கப்படுபவை, அவற்றுக்கு வாரண்டியே கிடையாது. கார் நிறுவனத்தின் வாரண்டிக்கு இணையாகத் தாங்களே வாரண்டி தரும் வெளி டியூனர்களும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியது: ஒரு பழுதுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள், டிராக் ஓட்டம் அடங்குமா, கிளட்ச் அடங்குமா, கார் நிறுவனம் "டியூன்தான் காரணம்" என்றும் நீங்கள் "இல்லை" என்றும் சொன்னால் யார் முதலில் பணம் கட்டுவார்கள்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

## இன்டேக், எக்ஸாஸ்ட்

இன்றைய கார்களின் ஏர் பாக்ஸ் முன்கிரில்லிலிருந்தே குளிர்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றித் திறந்த கூம்பு ஃபில்டர் வைத்தால், போக்குவரத்தில் இன்ஜின் அறையின் சூடான காற்றை உறிஞ்சும். 10 டிகிரி சூடானால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் குறையும். சத்தம் கூடி சக்தி குறைவது அதனால்தான். எண்ணெய் தடவிய ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால், காற்றை அளக்கும் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்து தவறான அளவு காட்டும். அந்தச் சென்சார் போனால் வாரண்டி மறுப்புக்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றும் கேட்-பேக் எக்ஸாஸ்ட் இன்ஜின் வாரண்டியை அரிதாகவே பாதிக்கும். பிக்கப்பும் அரிதாகவே மாறும். ஒலிக்காக வாங்குங்கள், நொடிக்காக வாங்காதீர்கள். கேட்டலிஸ்ட்டை நீக்கும் டவுன்பைப் (டர்போவை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்) வேறு கதை: மாசு விதி, பரிசோதனை, வாரண்டி மூன்றிலும் சிக்கும்.

## பெடல் பெட்டியும் பிக்கிபேக் பெட்டியும்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். பெடல் பெட்டி, கால் பாதி அழுத்தும்போதே இசியுவிடம் "முக்கால் அழுத்திவிட்டார்" என்று சொல்லும். முழுக்க மிதித்தால் முன்பும் 100 சதவீதம், இப்போதும் 100 சதவீதம். ஸ்போர்ட் மோட் ஏற்கெனவே இதைத்தான் செய்கிறது. முடுக்கத்துக்காக இதை வாங்காதீர்கள்.

பிக்கிபேக் பெட்டி உண்மையிலேயே சக்தி கூட்டும். டர்போ அழுத்தச் சென்சாரின் கம்பியில் இடைமறித்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகச் சொல்லும். இசியு பூஸ்ட்டை ஏற்றிவிடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம்: உண்மையான சுமை அதிகம், இசியு நம்பும் சுமை குறைவு. குறைந்த சுமைக்கான முன்கூட்டிய இக்னிஷனையே அது தருகிறது. நாக் சென்சார் பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் 1500–2500 சுழற்சியில் உயர் கியரில் முழுக்க மிதிக்கும்போது வரும் முன்பற்றலை நாக் சென்சார் தடுக்க முடியாது, அது பொறி வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒரே அடியில் பிஸ்டன் வளையத் தடம் உடையும். சில நல்ல பெட்டிகள் கீழ்ச் சுழற்சியில் பூஸ்ட்டைக் கூட்டாமல் விடுகின்றன. வாங்குவதாக இருந்தால் அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

"சர்வீஸுக்கு முன் கழற்றிவிட்டால் தெரியாது" என்பார்கள். எரிபொருள் திருத்த அளவுகள், பொறி தவறிய எண்ணிக்கை, கோளாறு நேர்ந்த கணத்தின் பதிவு எல்லாம் இசியுவிலேயே தங்கும். பல முறை கழற்றி மாட்டிய கனெக்டரில் கீறலும், சுற்றிலும் தூசி படிந்திருக்கச் சீலின் ஓரம் மட்டும் சுத்தமாகத் தெரியும் வட்டமும், டார்ச் அடித்துப் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணில் படும். இன்ஜின் உடைந்த பிறகு பெட்டியை மறைத்து வாரண்டி கேட்பது ஏமாற்று; அந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

## இசியு ரீமேப்

பயனில் இதற்கு நிகர் இல்லை. டர்போ இன்ஜினில் 20–30 சதவீதம் கூடுவது சாதாரணம். டர்போ இல்லாத இன்ஜினில் சில சதவீதம்தான், அதற்காக வாரண்டியைப் பணயம் வைப்பது வீண். நம் உதாரணக் காரில் காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 25 சதவீத உயர்வு 60–100 ஓட்டத்தில் 0.4 நொடியும், 100–160-ல் ஒரு நொடி அளவும் மிச்சம் தரும். 0–50-ல் ஒன்றும் தராது. அதாவது இதன் முழுப் பயனும் டிராக்கிலும் வேக வரம்பில்லாத சாலையிலும்தான்.

தடயம் விஷயத்தில் நம்பிக்கை வைக்காதீர்கள். இசியு எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல கார்களில் உள்ளேயே பதிவாகும். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினால் அந்த எண் இன்னும் ஒன்று கூடும். மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணை ஓபிடி (சோதனைக் கருவியை மாட்டும் இணைப்பு) வழியாகவே படித்து, நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட முடியும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இப்படிச் சிக்கும் கார்களுக்கு டிடி1 என்ற குறி சேசிஸ் எண்ணோடு பதியப்படும். அதற்குப் பிறகு எந்த டீலரிடம் போனாலும், இன்ஜின்–கியர்பாக்ஸ் தொடர்பான கோரிக்கையைத் திறக்கும்போதே அது திரையில் வரும். சாதாரண சர்வீஸில் காரை இணைக்கும்போதே இந்தத் தகவல் தலைமையகத்துக்குப் போய்விடலாம்.

உடைவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, அதற்குப் பின்னால் இருப்பது. ஃபோக்ஸ்வாகனின் உலர் கிளட்ச் டிகியூ200 கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கும், ஈரக் கிளட்ச் டிகியூ250 350-க்கும், டிகியூ500 600-க்கும் வடிவமைக்கப்பட்டவை. முதலாவதில் ஏற்கெனவே 250 தரும் இன்ஜினை 320-க்கு ஏற்றினால், கிளட்ச் எப்போது வழுக்கும் என்பது மட்டுமே கேள்வி. மேனுவல் காரில் அறிகுறி எளிது: நான்காம் கியரில் 2000 சுழற்சியில் முழுக்க மிதிக்கும்போது டாக்கோமீட்டர் முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தோற்றுவிட்டது.

## யாருக்கு எது

வாரண்டி இரண்டு ஆண்டுக்கு மேல் மீதமிருக்கிறது, தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால்: நல்ல டயர், பூஸ்ட் சோதனை, சரியான பெட்ரோல். இவற்றோடு நிறுத்துங்கள். இவை மூன்றும் சேர்ந்து தரும் வித்தியாசத்தை அளந்து பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

0–50 நன்றாக இருக்கிறது, 80-க்கு மேல்தான் மந்தம் என்று அளவீடு சொன்னால் டயருக்குச் செலவழிப்பதில் பயனில்லை. உங்கள் மாடலுக்கு நிறுவன கிட் இருந்தால் அதுதான் பதில். இல்லையென்றால் கணக்குப் போடுங்கள்: ரீமேப், கூடுதல் காப்பீடு இரண்டும் ஒருபுறம், அதே காரின் அதிக சக்தி வகைக்கு மாற்றிக்கொள்ளும் விலை வித்தியாசம் மறுபுறம். அந்த வகையில் பெரிய பிரேக்கும், பெரிய குளிர்விப்பானும், வலுவான கியர்பாக்ஸும், முழு வாரண்டியும் சேர்ந்தே வருவதால் பல நேரம் கார் மாற்றுவதே மலிவு.

வாரண்டி முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் பொறுத்திருங்கள். அந்த ஆறு மாதத்தில் எல்லாக் கசிவையும் சத்தத்தையும் வாரண்டியில் சரிசெய்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ரீமேப் செய்யலாம். புது கியர்பாக்ஸ் வாங்கும் பணம் கையில் இருப்பவருக்கே அந்த வழி. கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பணம் கட்டும் முன் டீலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்மொழி போதாது. சேசிஸ் எண், பாகத்தின் எண், பொருத்துபவர் யார் என்று குறிப்பிட்டு, "இதற்குப் பிறகு இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி எந்தத் தேதிவரை, எந்த நிபந்தனையில்?" என்று ஒரே கேள்வியாக எழுதுங்கள். பதிலோடு பில்லையும், பொருத்துவதற்கு முன் எடுத்த கோளாறுப் பதிவின் அச்சுப்பிரதியையும் ஒரே கோப்பில் வையுங்கள்; காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் அதிலேயே இருக்கட்டும்.